வரியைக் காட்டுங்கள்: இலக்கியக் கேள்விக்குச் சான்றோடு விடை எழுதுவது எப்படி?

இருபத்தாறு ஆண்டுகள் தமிழ் விடைத்தாள்களைத் திருத்தியிருக்கிறேன். அவற்றின் ஓரத்தில் நான் அதிகம் எழுதிய சொல் 'நன்று' என்று சொல்ல ஆசைதான். உண்மையில் அது 'எங்கே?' என்ற சொல். 'தலைவி மிகுந்த துயரத்தில் இருக்கிறாள்.' எங்கே? 'தந்தை கண்டிப்பானவர்.' எங்கே? 'இக்கதை மனித நேயத்தைப் போற்றுகிறது.' எங்கே, எங்கே? மாணவர்கள் எனக்கு 'எங்கே டீச்சர்' என்றே பெயர் வைத்திருந்தார்கள் என்பது ஓய்வு பெற்ற பிறகுதான் என் காதுக்கு வந்தது. பொருத்தமான பெயர்தான்.

இதில் வருத்தம் என்னவென்றால், அந்த விடைகளில் பாதிக்கு மேல் சரியானவை. பிள்ளைகள் நன்றாகத்தான் படித்திருப்பார்கள். தலைவியின் துயரம் மனத்தில் பட்டும் இருக்கும். ஆனால் எந்தச் சொல் அதை மனத்தில் படவைத்தது என்று திரும்பிப் பார்க்காமல் முடிவை மட்டும் எழுதிவிடுவார்கள். கணக்கில் வழிமுறை இல்லாமல் விடையை மட்டும் எழுதினால் மதிப்பெண் குறையும் என்று எல்லோருக்கும் தெரியும். இலக்கியத்திலும் வழிமுறை உண்டு. அங்கே வழிமுறை என்பது பனுவலில், அதாவது நாம் படிக்கும் கதையிலோ பாட்டிலோ, இருக்கும் வரி.

விளக்குவதற்கு ஒரு சிறு பத்தி வேண்டும். வகுப்புக்காக நானே எழுதி வைத்திருந்ததையே தருகிறேன்.

மழை விட்டிருந்தது. அப்பா வாசலிலேயே நின்றார். குடையை மடக்கவில்லை.
"உள்ளே வாருங்கள் அப்பா" என்றாள் மீனா.
"இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது."
கடைசி பஸ் ஒன்பது மணிக்கு. கூடத்துக் கடிகாரத்தில் ஆறரை.
"அம்மா நலமா?"
"எங்கள் வீட்டில் எல்லோரும் நலம்."
கையில் இருந்த துணிப்பையை நிலைப்படிக்கு உள்ளே வைத்தார். அதில் என்ன இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. தெருமுனை வரை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் மறைந்த பிறகும் மீனா கதவைச் சாத்தவில்லை.

இவ்வளவுதான் பத்தி. இதை முதலில் ஒருமுறை கேள்விகளைப் பார்க்காமல் படியுங்கள். கேள்வியை முதலில் படித்துவிட்டுப் பத்திக்குள் நுழைவது நேரத்தை மிச்சப்படுத்தும் என்று பலரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். தகவல் கட்டுரைக்கு அது சரி. கதைக்கும் கவிதைக்கும் நான் ஒப்பமாட்டேன். தேடுகிற பொருள் மட்டுமே கண்ணில் பட்டால், குடை மடக்கப்படவில்லை என்பது கண்ணில் படவே படாது. முதல் வாசிப்பு வெறும் வாசகருடையதாக இருக்கட்டும். பிறகு கேள்வி. பிறகு மறுபடியும் பத்தி, இந்த முறை பென்சிலோடு. வரிகளுக்கு ஓரத்தில் எண் போட்டுக்கொண்டால் பின்னால் தேடி அலைய வேண்டாம்.

கேள்வி எந்த வகை?

கேள்விகளை நான் மூன்றாகப் பிரிப்பேன். பெயர்கள் நான் வைத்தவை, பாடநூலில் தேடாதீர்கள்: கிடக்கிற விடை, சேர்க்கிற விடை, பிழிகிற விடை.

'கடைசி பஸ் எத்தனை மணிக்கு?' விடை பத்தியில் கிடக்கிறது; குனிந்து எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். இதற்கு நாலு வரி எழுதாதீர்கள்.

'உள்ளே வராததற்கு அப்பா சொல்லும் காரணம் உண்மையானதா?' இதற்கு விடை ஒரே வரியில் இல்லை. நேரமாகிவிட்டது என்கிறார். பஸ் ஒன்பது மணிக்கு. கடிகாரம் ஆறரை காட்டுகிறது. மூன்றையும் சேர்த்தால்தான் இரண்டரை மணி நேரம் மிச்சம் இருக்கிறது என்பது வெளியே வரும். அதுபோலவே 'மழை விட்டிருந்தது' என்பதையும் 'குடையை மடக்கவில்லை' என்பதையும் தனித்தனியாகப் படித்தால் ஒன்றுமில்லை. சேர்த்துப் பாருங்கள்: மழையே இல்லாதபோது விரித்த குடையோடு நிற்கிறவர் தங்குவதற்கு வந்தவர் அல்லர்.

'மகளிடம் அப்பாவுக்கு இருக்கும் மனநிலை என்ன?' இது பிழிகிற கேள்வி. ஏதாவது ஒரு சொல்லைப் பிடித்து அதிலிருந்து சாறு எடுக்க வேண்டும். இந்தப் பத்தியில் அந்தச் சொல் 'எங்கள்'. தமிழில் கேட்பவரையும் சேர்த்துக்கொள்ள 'நம்' என்று சொல்ல முடியும். விலக்கி வைக்க 'எங்கள்' என்று சொல்ல முடியும். பெற்ற மகளிடம் 'நம் வீட்டில்' என்றோ வெறுமனே 'வீட்டில்' என்றோ சொல்லியிருக்கலாம். அவர் 'எங்கள் வீட்டில்' என்கிறார். அந்த ஒரு சொல்லில் மகள் வீட்டுக்கு வெளியே நிறுத்தப்படுகிறாள். கதையைச் சுருக்கிச் சொல்கிற மாணவருக்கு இந்தச் சொல் நழுவிவிடும். வரியைப் பார்க்கிறவருக்குக் கிடைக்கும்.

தமிழில் சான்று பெரும்பாலும் இப்படிச் சின்ன இடத்தில்தான் ஒளிந்திருக்கும். 'அவர்' என்று வந்துகொண்டிருந்த ஆள் திடீரென்று 'அவன்' ஆகும் இடம். 'வந்தான்' என்பதற்கும் 'வந்துவிட்டான்' என்பதற்கும் 'வந்து தொலைத்தான்' என்பதற்கும் உள்ள தூரம். 'தான்', 'ஏ', 'ஆவது', 'உம்' ஆகியவை ஒட்டிய சொற்கள். 'நீயாவது வா' என்கிறவருக்கு வேறு யாரோ வரவில்லை என்ற குறை இருக்கிறது. யார் வரவில்லை என்று பனுவல் சொல்லாவிட்டாலும் குறை இருப்பதற்கு 'ஆவது' சாட்சி.

பத்தியில் இல்லாதது

இந்தப் பத்தியைக் கொடுத்து 'அப்பா ஏன் உள்ளே வரவில்லை?' என்று கேட்டபோதெல்லாம் வகுப்பில் பெரும்பாலோர் எழுதிய விடை ஒன்றுதான்: மீனா காதல் திருமணம் செய்துகொண்டதால் அப்பாவுக்குக் கோபம். ஒருவர் மாப்பிள்ளையின் வேலையைக்கூட எழுதியிருந்தார். எங்கே? பத்தியில் திருமணமே இல்லை. மாப்பிள்ளையும் இல்லை. மீனா அந்த வீட்டில் யாரோடு இருக்கிறாள் என்றுகூட இல்லை. பார்த்த படங்களும் கேட்ட கதைகளும் மனத்தில் தயாராக நிற்கின்றன. ஒரு அப்பா, ஒரு மகள், ஒரு மௌனம் கிடைத்ததும் ஓடிவந்து இடத்தை நிரப்பிவிடுகின்றன.

'உண்மையில் என்ன கோபம் டீச்சர்? நீங்கள்தானே எழுதினீர்கள்?' என்று கேட்பார்கள். எனக்குத் தெரியாது என்பேன். நம்பமாட்டார்கள். ஆனால் அதுதான் நிலைமை. இந்தப் பத்தி இருக்கிற வரை அந்த அப்பாவும் இருக்கிறார். அதற்கு வெளியே அவருக்கு வாழ்க்கை கிடையாது. எழுதியவர் மனத்தில் நினைத்திருந்து எழுதாமல் விட்டது சான்று ஆகாது. 'காரணம் பத்தியில் சொல்லப்படவில்லை. ஆனால் விலகல் இருப்பது தெரிகிறது' என்று எழுதத் தயங்காதீர்கள். நான் திருத்திய தாள்களில் அப்படி எழுதியவர்களுக்கு முழு மதிப்பெண் போட்டிருக்கிறேன்.

பத்தியில் இல்லாத ஒன்றையே சான்றாகக் காட்டலாமா என்று சிலர் கேட்பார்கள். காட்டலாம், பனுவலே அந்த இன்மையைச் சுட்டினால். 'அவளும் கேட்கவில்லை' என்று எழுதியிருப்பதால் அவள் கேட்காதது சான்று. அவள் அழுததாக எழுதவில்லை என்பதற்காக 'மீனா கல்நெஞ்சக்காரி' என்று எழுதினால் என் சிவப்பு மை தீர்ந்துபோகும்.

'என்றதனால்'

வரியைக் கண்டுபிடித்தாயிற்று. அதை விடையில் எப்படி வைப்பது? பலர் செய்கிற வேலை, கருத்தை எழுதி, கீழே மேற்கோளை ஒட்டிவிட்டுப் போய்விடுவது:

மீனாவின் அப்பா விலகி நிற்கிறார். "எங்கள் வீட்டில் எல்லோரும் நலம்."

இரண்டும் சரி. ஆனால் இரண்டுக்கும் நடுவே ஆறு ஓடுகிறது, பாலம் இல்லை. அந்த மேற்கோள் எப்படி விலகலைக் காட்டுகிறது என்பதை நான் எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அது என் வேலை அன்று.

பாலத்துக்குப் புதுச் சொல் தேட வேண்டாம். நம் பழைய உரையாசிரியர்கள் செய்து வைத்திருக்கிறார்கள். ஒரு சொல்லைச் சுட்டி, 'என்றதனால்' என்று சொல்லி, அதிலிருந்து தேறும் பொருளைக் கூறி, 'என்பது பெற்றாம்' என்று முடிப்பார்கள். குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகரிடம் இதை நிறையப் பார்க்கலாம். 'பெற்றாம்' என்ற சொல் எனக்கு மிகவும் பிடிக்கும்: நாங்களாகச் சொல்லவில்லை, பாட்டிலிருந்து பெற்றோம் என்ற அடக்கம் அதில் இருக்கிறது. நீங்கள் 'பெறப்படுகிறது', 'தெரிகிறது' என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அம்மாவைப் பற்றிக் கேட்கும் மகளிடம், "நம் வீட்டில்" என்னாமல் "எங்கள் வீட்டில் எல்லோரும் நலம்" என்றதனால், அப்பா அவளைக் குடும்பத்துக்கு வெளியே வைத்துப் பேசுகிறார் என்பது தெரிகிறது.

ஒரே வாக்கியத்தில் கருத்தும் மேற்கோளும் பாலமும் வந்துவிட்டன. மேற்கோள் எவ்வளவு நீளம்? வேலை செய்கிற சொற்கள் மட்டும். பத்தி முழுவதையும் பார்த்து எழுதிவிட்டு 'இதிலிருந்து தெரிகிறது' என்றால், எதிலிருந்து என்று நான் தேட வேண்டும். எடுக்கிற சொற்களை உள்ளபடி எடுங்கள்; 'வைத்தார்' என்பதைக் 'கொடுத்தார்' என்று மாற்றிவிட்டு மேற்கோள் குறி போடக் கூடாது.

'வைத்தார்' என்றதும் ஒரு மாணவி நினைவுக்கு வருகிறாள். 'அப்பா மன்னிக்கவில்லை' என்ற விடையை எதிர்பார்த்து நான் திருத்திக்கொண்டிருந்தேன். அவள் 'அப்பா மறுபடியும் வருவார்' என்று எழுதியிருந்தாள். வழக்கப்படி 'எங்கே?' போட்டேன். மறுநாள் தாளோடு வந்து விரலை வைத்துக் காட்டினாள். "பையைக் கொடுத்தார் என்று இல்லை டீச்சர், வைத்தார் என்றுதான் இருக்கிறது. அதுவும் நிலைப்படிக்கு உள்ளே. அவர் உள்ளே வரவில்லை, பை வந்திருக்கிறது." வருவார் என்பது துணிந்த முடிவு, வரலாம் என்றிருந்தால் போதும் என்று சொன்னேன். ஆனால் எழுதிய எனக்கே அந்தச் சொல்லில் அவ்வளவு இருப்பது அதுவரை தெரியாது. மதிப்பெண்ணைத் திருத்திக் கையொப்பம் இட்டேன்.

அதில் வேறொரு பாடமும் எனக்குக் கிடைத்தது. முடிவை முதலில் எடுத்துவிட்டால் அதற்கு ஒத்து வரும் வரிகள் மட்டுமே தெரியும். குடை, 'எங்கள்', திரும்பிப் பார்க்காதது ஆகிய மூன்றும் விலகல் பக்கம். பை ஒன்று மட்டும் எதிர்ப்பக்கம். எதிர்ப்பக்க வரியை மறைக்காமல் எழுதுகிற விடைதான் உயர்ந்த விடை: 'விலகி நிற்கிறார், ஆனாலும் பையை உள்ளே வைப்பதால் முற்றாக அறுத்துக்கொள்ளவில்லை.' எழுதத் தொடங்குமுன் உங்கள் கருத்துக்கு எதிராக ஒரு வரியாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

துணிவின் அளவைச் சொல்லும் வினைகளையும் பார்த்துப் போடுங்கள். பனுவல் நேரடியாகச் சொன்னால் 'என்கிறது'. வரிகள் உறுதியாகச் சுட்டினால் 'காட்டுகிறது'. ஒரே ஒரு சொல்லை நம்பி நின்றால் 'தோன்றுகிறது', 'இருக்கலாம்'. எல்லாவற்றுக்கும் 'உறுதியாகத் தெரிகிறது' என்று எழுதுகிறவர்களை நம்பத் தோன்றுவதில்லை.

ஒரு பாட்டில் செய்து பார்ப்போம்

குறுந்தொகையில் 25ஆம் பாட்டு, கபிலர் பாடியது:

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

அங்கே யாரும் இல்லை. அவன்தான் இருந்தான், அந்தக் கள்வன். அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன்? அவன் என்னை மணந்த அன்று, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு, தினைத்தாள் போன்ற சிறிய பசுமையான கால்களை உடைய ஒரு குருகும் இருந்தது. இவ்வளவுதான் பொருள். சான்றைப் பற்றிப் பேச இதைவிட நல்ல பாட்டு எனக்குத் தெரியாது. பாட்டே சாட்சி இல்லாத ஒரு வழக்கைப் பற்றியது.

கேள்வி: தலைவியின் மனநிலையைச் சான்றுடன் விளக்குக.

முதல் தவறு, 'கபிலர் ஏமாற்றப்பட்டதை எண்ணி வருந்துகிறார்' என்று எழுதுவது. சிரிக்காதீர்கள், படித்திருக்கிறேன். பாடியவர் கபிலர், பேசுகிறவள் தலைவி. கதைகளிலும் 'நான்' என்று வருகிறவரை எழுத்தாளர் என்று எண்ணிவிடக் கூடாது.

இரண்டாவது தவறு நுட்பமானது: 'தலைவன் ஏமாற்றிவிட்டதால் தலைவி துன்பப்படுகிறாள்.' கேட்க நன்றாக இருக்கிறது. எங்கே? பாட்டில் இருப்பது 'பொய்ப்பின்'. பொய்த்தால் என்ற பொருள். அவன் இன்னும் பொய்க்கவில்லை; பொய்த்துவிட்டால் என்ன செய்வது என்ற அச்சம்தான் இருக்கிறது. நடந்துவிட்ட துன்பமும் நடந்துவிடுமோ என்ற அச்சமும் வேறு வேறு. பாட்டின் கீழே வரும் பழைய துறைக்குறிப்பும், திருமணம் தள்ளிப்போன நிலையில் தலைவி தோழிக்குச் சொன்னது என்றே கூறுகிறது. ஆனால் அது பாட்டின் வரி அன்று. பயன்படுத்தினால் 'துறைக்குறிப்பின்படி' என்று சொல்லிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

உடனே எதிர்வரியையும் பாருங்கள். இன்னும் பொய்க்காதவனை அவள் 'கள்வன்' என்கிறாளே? அப்படியானால் அச்சம் மட்டும் இல்லை, ஐயமும் குற்றச்சாட்டும் இருக்கின்றன. 'பொய்ப்பின்' என்பது ஒரு பக்கம் இழுக்கிறது, 'கள்வன்' மறுபக்கம். அவள் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறாள். அதை எழுதுங்கள்.

இனி 'குருகும்'. இதில் ஒட்டியிருக்கும் 'உம்'முக்கு, அதாவது உம்மைக்கு, தொல்காப்பியம் எட்டுப் பொருள் சொல்கிறது. பெயர் நினைவில்லாவிட்டால் பரவாயில்லை, அது செய்கிற வேலையைச் சொன்னால் போதும். 'யாரும் இல்லை' என்று தொடங்கியவள், பாட்டு முடிவதற்குள் 'குருகும் உண்டு' என்று ஒரு பறவையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறாள். மனிதர் எவரும் கிடைக்காதபோதுதான் ஒருவர் பறவையை எண்ணுவார். அந்தப் பறவையாவது பார்த்ததா? 'ஆரல் பார்க்கும்' குருகு அது. பார்த்துக்கொண்டுதான் இருந்தது, மீனை. இருந்த ஒரே சாட்சியும் வேறு பக்கம் பார்த்திருக்கிறது.

விடையை எழுதினால் இப்படி வரும்:

தலைவி, தனக்குத் துணை நிற்க எவரும் இல்லாத அச்சத்தில் இருக்கிறாள். "பொய்ப்பின்" என்றதனால், தலைவன் இன்னும் வாக்கு மாறவில்லை என்பதும், மாறிவிடுவானோ என அவள் அஞ்சுவதும் தெரிகின்றன. ஆயினும் அவனைக் "கள்வன்" என்பதால் அவளுக்கு ஐயம் எழுந்துவிட்டது. "யாரும் இல்லை" என்றவள் "குருகும் உண்டு" என்று பறவையைச் சேர்த்துக்கொள்வதும், அதுவும் "ஆரல் பார்க்கும்" குருகு என்பதும், அவளுக்குச் சாட்சி சொல்ல யாரும் இல்லாத நிலையைக் காட்டுகின்றன.

ஐந்து மேற்கோள்கள். மிக நீண்டது இரண்டே சொல். தினைத்தாள் போன்ற கால்களை நான் விட்டுவிட்டேன். அவ்வளவு நுணுக்கமாக நினைவு வைத்திருக்கிறாள் என்பதால், அந்த நாளை அவள் மறக்கவே இல்லை என்று பிழியலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் 'இருக்கலாம்' என்ற அளவில்தான். இடம் இருந்தால் சேருங்கள்.

சில்லறை விஷயங்கள்

கேள்வியில் எத்தனை பகுதி இருக்கிறது என்று எண்ணுங்கள். 'அப்பாவின் மனநிலை என்ன? அது எவ்வாறு வெளிப்படுகிறது?' என்பது இரண்டு கேள்வி. தெரிவுவிடை வினா என்றால், உலகத்தில் உண்மையாக இருந்து பத்தியில் இல்லாத விடையையும், பத்தியில் இருந்தும் கேட்ட கேள்விக்குப் பொருந்தாத விடையையும் முதலில் அடியுங்கள். 'எப்போதும்', 'மட்டுமே' என்று வரும் விடைகளைச் சந்தேகத்தோடு பாருங்கள். மனப்பாடத்திலிருந்து எழுதும்போது வரி சரியாக நினைவுக்கு வரவில்லை என்றால், மேற்கோள் குறி இல்லாமல் உங்கள் சொற்களில் எழுதுங்கள். தவறான வரிக்கு மேற்கோள் குறி போடுவதைவிட அது மேல்.

எழுதி முடித்ததும் நேரம் இருந்தால், உங்கள் விடையின் ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பக்கத்திலும் பென்சிலால் 'எங்கே?' என்று மெல்ல எழுதிப் பாருங்கள். வரி எண் உடனே மனத்துக்கு வந்தால் அழித்துவிடுங்கள். வராத வாக்கியத்தை அடித்துவிடுங்கள்.

பயிற்சிக்கு ஒன்று விட்டு வைத்திருக்கிறேன். பத்தியின் கடைசி வாக்கியம்: 'அவர் மறைந்த பிறகும் மீனா கதவைச் சாத்தவில்லை.' இதில் இருப்பது நம்பிக்கையா, திகைப்பா? 'பிறகும்' என்பதில் உள்ள உம்மையையும் விடாமல், 'என்றதனால்' போட்டு மூன்று வரி எழுதுங்கள். நானும் இரண்டு பக்கமும் எழுதிப் பார்த்துவிட்டேன். இரண்டுக்கும் பக்கத்தில் என் கையாலேயே 'எங்கே?' போட்டிருக்கிறேன்.